முதுகுவலியோடு போன 16 மாதங்கள்: நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக

அது 300 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேர வரம்பு வைத்து ஓட்டுகிற நீண்ட தூரச் சைக்கிள் பயணம். 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 212ஆவது கிலோமீட்டரில் இருந்த கன்ட்ரோல் பாயின்ட்டுக்கு (வழியில் வருகையைப் பதிவு செய்யும் இடம்) வந்து சேர்ந்தபோது இன்னும் ஏழு மணி நேரம் மிச்சம் இருந்தது, ஓட்ட வேண்டியது 88 கிலோமீட்டர்தான். காலில் தெம்பு இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. சைக்கிளை நிறுத்தி, வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டு இறங்கப் போனேன். கால் வரவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்புக்கு வலது பக்கத்தில், ஈரத் துணியைப் பிழிவது போல உள்ளே ஏதோ முறுக்கிக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கூட ஓட்டிய ஒரு அண்ணன் என் சைக்கிளைப் பிடித்துச் சாய்த்து, என் காலை அவரே எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷூவின் வெல்க்ரோவைப் பிரிக்கக்கூடக் கை எட்டவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இதோட நிறுத்திக்கிறேன்ணா" என்று சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்காக வந்த அழுகை இல்லை. எட்டு மாதம் வாரம் தவறாமல் விடியற்காலையில் எழுந்து ஓட்டிய உழைப்பு அந்தச் சுவரோரம் முடிந்துபோனதற்காக வந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம், வலி ஆரம்பித்த நாளிலிருந்து வலி இல்லாமல் முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய நாள் வரைக்கும் எனக்கு 16 மாதம் ஆனது. சரியான வழி ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் மூன்று நான்கு மாதத்தில் முடிந்திருக்கும். மீதி ஒரு வருஷத்தையும் நிறையப் பணத்தையும் தவறான இடங்களில் தேடித் தொலைத்தேன். நான் மருத்துவரோ பயிற்சியாளரோ இல்லை. என் உடம்பில் நடந்ததையும், அதற்குப் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பம் மிகச் சாதாரணமாகத்தான் இருந்தது. 80 கிலோமீட்டரைத் தாண்டினால் அடிமுதுகில் ஒரு மந்தமான வலி. இறங்கி இரண்டு நிமிடம் நின்றால் போய்விடும். எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். எல்லோருக்கும் வருகிறது என்பது உண்மையும்கூட. 109 தொழில்முறை சாலை சைக்கிள் வீரர்களிடம் எடுத்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 58 சதவீதம் பேருக்கு முந்தைய 12 மாதத்துக்குள் அடிமுதுகு வலி இருந்திருக்கிறது. அதைப் பின்னால் படித்தபோது ஒரு பக்கம் ஆறுதல், மறுபக்கம் கோபம். எல்லோருக்கும் வருகிறது என்பதாலேயே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. "ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். ஓட்ட ஓட்ட 80 கிலோமீட்டரில் வந்த வலி 60இல் வந்தது, பிறகு 40இல் வந்தது. தொடங்குகிற தூரம் இப்படிக் குறைந்துகொண்டே வந்தால், அது பழக்கமாகிச் சரியாகப் போகிற வலி இல்லை. அன்றைக்கே அதைக் கவனித்திருக்க வேண்டும்.

என் மனதில் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது: வாரத்துக்கு 250 கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு? காலுக்கு இதைவிட வேறு என்ன வேலை வேண்டும்? இதில்தான் நான் முழுதாக ஏமாந்தேன். சைக்கிளில் நாம் செய்வது ஒரே ஒரு அசைவு. நிமிடத்துக்கு 80 சுற்று என்று ஐந்து மணி நேரம் ஓட்டினால் ஒவ்வொரு காலும் 24,000 தடவை அதே வட்டத்தைச் சுற்றுகிறது. அந்த வட்டத்தில் இடுப்பு ஒரு முறைகூட முழுதாக நிமிர்வதில்லை. பக்கவாட்டு அசைவே கிடையாது. உடம்பின் எடையில் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது. இதயமும் நுரையீரலும் நன்றாகப் பழகிவிடுகின்றன, தொடையின் முன்பக்கமும் பழகிவிடுகிறது. புட்டத்துத் தசை, இடுப்பின் பக்கவாட்டுத் தசை, முதுகெலும்பை ஒட்டி ஓடும் சின்னச் சின்னத் தசைகள் எல்லாம் பின்தங்கியே இருந்துவிடுகின்றன. இன்ஜின் வளர்ந்தது, அதைத் தாங்குகிற சேசிஸ் அப்படியே இருந்தது. எலும்புக்கும் இதே கதைதான். சைக்கிளில் உடம்பு தன் எடையைத் தானே தாங்குவதில்லை, தரையின் அதிர்ச்சியும் எலும்புக்குக் கிடைப்பதில்லை. வருடக்கணக்கில் சைக்கிள் மட்டுமே ஓட்டுகிற சாலை வீரர்களின் அடிமுதுகு எலும்பில் அடர்த்தி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இது தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஆனால் அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. வலி சைக்கிளில் உட்காரும்போது வருகிறது, அப்படியானால் கோளாறு சைக்கிளில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். முதலில் சீட்டை மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு வலி திரும்பியது. அடுத்து, குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்குகிற தண்டு) போட்டு ஹேண்டில்பாரை அருகில் கொண்டுவந்தேன். மறுபடியும் இரண்டு வாரம். பிறகு ஷூ, அதைப் பெடலில் பூட்டுகிற கிளீட், கடைசியில் அகலம் குறைந்த ஹேண்டில்பார். வேறொரு செலவுக்காக ஐந்து மாதம் சேர்த்து வைத்திருந்த பணம் இப்படித் துண்டு துண்டாகப் போய்விட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஏன் இரண்டு வாரம் நன்றாக இருந்தது என்பது இப்போது புரிகிறது. உட்காரும் நிலை கொஞ்சம் மாறியதும் பாரம் வேறு இடத்துக்குப் போகிறது. அந்த இடமும் சோர்ந்து போனதும் பழையபடி வந்து நிற்கிறது.

உடம்புக்கு ஏற்றபடி சைக்கிளின் அளவுகளைச் சரிசெய்கிற பைக் ஃபிட்டிங் வீண் என்று நான் சொல்லவே மாட்டேன். சீட் உயரம் தவறாக இருந்தால் எந்தப் பயிற்சியும் உதவாது. என் சீட் ஒன்றரை சென்டிமீட்டர் அதிக உயரத்தில் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் காலை எட்ட வைப்பதற்காக இடுப்பு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் முட்டி மடங்காமல் நேராக வர வேண்டும், அதே சமயம் இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. வழக்கம்போல முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் சரி. பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால் இடுப்பு ஆடுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். பாகங்கள் எதையும் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழியுங்கள். ஃபிட்டிங்கை ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டு, அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு, அதோடு கைவைப்பதை நிறுத்துங்கள். வலிக்கும்போதெல்லாம் ஒரு திருகைத் திருகிக்கொண்டே இருந்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியவே தெரியாது.

பிரெவேயைப் பாதியில் விட்ட பிறகுதான் மருத்துவரைப் பார்த்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு வட்டில் (டிஸ்க்) லேசான புடைப்பு என்று அறிக்கையில் இருந்தது. அந்த ஒரு வரி என்னை மூன்று மாதம் ஆட்டிப் படைத்தது. வட்டு நகர்ந்துவிட்டது, இனி சைக்கிளே கிடையாது என்று நானாகவே கற்பனை செய்துகொண்டு ராத்திரியில் தூக்கம் இல்லாமல் கிடந்தேன். முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்கூட, 30 வயதுக்காரர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கும் இதே புடைப்பு இருக்கிறது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகிவிடாது. மூன்று வாரம் படுக்கையும் மாத்திரையுமாக இருந்தேன். எழுந்தபோது வலி குறைந்திருந்தது, கூடவே இருந்த கொஞ்சநஞ்ச பலமும் போயிருந்தது. முதல் நாள் 20 கிலோமீட்டரிலேயே முதுகு பிடித்துக்கொண்டது.

இங்கே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வலி காலின் கீழ்வரை மின்சாரம் போல இறங்கினால், பாதத்தைத் தூக்க முடியாமல் பலம் குறைந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். தொடைகளுக்கு நடுவே, சீட் படுகிற பகுதியில் முதுகுவலியோடு சேர்ந்து மரத்துப்போனால், சிறுநீர் அல்லது மலம் போவதில் கட்டுப்பாடு மாறினால் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்து இல்லை.

அடுத்த தவறு என்னுடைய சொந்தத் தேடல். 'கோர்' பலவீனமாக இருந்தால் முதுகு வலிக்கும் என்று எங்கோ படித்தேன். கோர் என்றால் வயிறு, வயிறு என்றால் சிட்அப், அவ்வளவுதான் என் அறிவு. காலையில் எழுந்ததும் பாயை விரித்து நூறு சிட்அப், அதன் பிறகு உடம்பு நடுங்க நடுங்க நான்கு நிமிடம் பிளாங்க், அதாவது முழங்கையும் கால்விரலும் மட்டும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது. இரண்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக, இதுவரை சைக்கிளில் மட்டும் இருந்த வலி இப்போது நாற்காலியில் உட்கார்ந்தாலும் வந்தது. ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. சைக்கிளில் நான்கு மணி நேரம் முதுகை வளைத்தபடி உட்கார்ந்திருக்கிறோம். சிட்அப்பும் அதே வளைவுதான், அதையே நூறு முறை பாரத்தோடு செய்கிறோம். அதுவும் காலையில். ராத்திரி படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் கூடியிருப்பது அதனால்தான். உப்பியிருக்கும் வட்டை வளைத்தால் அதன்மீது விழும் அழுத்தம் அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து செய்கிற எதையும் தவிர்த்தாலே பலருக்கு வலி குறைகிறது. எனக்கு இந்த ஒரு மாற்றமே பத்து நாளில் வித்தியாசம் காட்டியது. ஆனால் அதைத் தெரிந்துகொள்வதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஜிம். சேர்ந்த மூன்றாவது வாரமே, தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்கிற டெட்லிஃப்ட் செய்ய வைத்தார்கள். கால் பலமாக இருக்கிறதே, தூக்கிவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். கால் தூக்கியது. ஐந்தாவது ரெப்பில், அதாவது ஐந்தாவது தடவை தூக்கும்போது, முதுகு வளைந்தது. வலியே இல்லை, ஒரு சின்ன 'க்ளிக்' மட்டும் உள்ளே கேட்டது. மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து பக்கவாட்டில் உருண்டு, முட்டி போட்டுத்தான் எழ முடிந்தது. ஐந்து வாரம் சைக்கிளைத் தொடவில்லை. டெட்லிஃப்ட் கெட்ட பயிற்சி இல்லை, இன்றைக்கு வாரம் ஒரு முறை செய்கிறேன். நம்மைப் போன்ற சைக்கிள்காரர்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கிறது என்பதுதான் விஷயம். காலும் நெஞ்சும் முதுகைவிடப் பல மடங்கு முன்னால் போய்விட்டிருக்கும். மூச்சு வாங்காது, கால் சோராது, அதனால் இன்னும் ஏற்றலாம் என்றே தோன்றும். நிறுத்தச் சொல்ல வேண்டிய முதுகு மறுநாள்தான் வாய் திறக்கும். புதிதாக ஆரம்பிக்கிறவர் எவ்வளவு நல்ல சைக்கிள்காரராக இருந்தாலும், எடைப் பயிற்சியில் முதல் நாள் முதல் நாள்தான்.

ஏற்கெனவே பார்த்த இரண்டு பிசியோக்கள் படுக்க வைத்துச் சூட்டு ஒத்தடமும் கரண்ட் சிகிச்சையும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாவதாகப் பார்த்தவர் வேறு மாதிரி. என்னைப் படுக்கவே சொல்லவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "கையை நெஞ்சுல கட்டிக்கோங்க. இடது காலை மட்டும் ஊன்றி எந்திரிங்க, அப்புறம் மெதுவா உக்காருங்க" என்றார். எழுந்தேன், கொஞ்சம் ஆடினாலும் முடிந்தது. "இப்ப வலது கால்." பாதி எழுந்ததும் முட்டி உள்பக்கமாகச் சரிந்தது, இடுப்பு வெளியே தள்ளியது, தடாலென்று நாற்காலியிலேயே விழுந்தேன். அவர் என் ஃபோனிலேயே அதை வீடியோ எடுத்திருந்தார். ஓட விட்டுக் காட்டினார். 24,000 தடவை மிதிக்கிற கால் அது. என்னால் நம்ப முடியவில்லை. அடுத்து சைடு பிளாங்க், பக்கவாட்டில் ஒரு முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது. இடது பக்கம் 50 விநாடி தாக்குப்பிடித்தேன். வலது பக்கம் 18.

அதன் பிறகு கையும் முட்டியும் தரையில் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் ஒரே நேரத்தில் நீட்டச் சொன்னார். பேர்ட் டாக் என்கிற பயிற்சி. என் அடிமுதுகின்மேல் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தார். "பாட்டில் உருளக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். காலை நீட்டியதும் உருண்டு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. ஏழாவது தடவைதான், காலைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் எடுத்து, வயிற்றை லேசாக இறுக்கி, மூச்சை நிறுத்தாமல் பத்து விநாடி பாட்டிலை அசையாமல் வைத்திருந்தேன். நெற்றியில் வியர்வை சொட்டியது. அந்தப் பத்து விநாடியில்தான் கோர் என்றால் என்ன என்று என் உடம்புக்குப் புரிந்தது. அவர் சொன்னார்: "வயிறு மடங்குறதுக்கு இல்லீங்க. கையும் காலும் ஆடுறப்ப நடுவுல இருக்கிறது ஆடாம பிடிக்கத்தான் அது. நீங்க பெடலை அழுத்துறப்ப இடுப்பு அசைஞ்சா, அந்த பலம் பெடலுக்குப் போகாம முதுகுக்குத்தான் வரும்."

இதற்கு ஒத்துவருகிற ஓர் ஆய்வும் இருக்கிறது, 2007இல் வெளியானது. போட்டி சைக்கிள் வீரர்களின் நடுவுடம்புத் தசைகளை வேண்டுமென்றே சோர்வடையச் செய்து மறுபடி ஓட்ட வைத்தார்கள். பெடலில் விழும் விசை பெரிதாகக் குறையவில்லை. முட்டியின் அசைவுதான் மாறியது. நடு பலவீனமானாலும் கால் எப்படியாவது வேலையை முடித்துவிடுகிறது, அதற்கான விலையை வேறு மூட்டுகள் கொடுக்கின்றன என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். என் ஸ்பீடும் பவர் எண்களும் நன்றாகவே இருந்ததால்தான் எட்டு மாதம் எனக்கு எதுவும் தெரியவில்லை.

முதல் ஆறு வாரம் அவர் கொடுத்தது சின்னப் பட்டியல்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்திய மூன்று பயிற்சிகள்: தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்கும் கர்ல்அப், சைடு பிளாங்க், பேர்ட் டாக். ஒவ்வொன்றிலும் பத்து விநாடி பிடிப்பு. நிமிடக்கணக்கில் பிடிக்க வேண்டியதில்லை. முதலில் ஆறு பிடிப்பு, கொஞ்சம் ஓய்வு, பிறகு நான்கு, பிறகு இரண்டு. பலவீனமான வலது பக்கத்தை முதலில் செய்யச் சொன்னார். பத்துப் பதினைந்து நிமிடம்தான் ஆகும், தினமும் செய்யலாம். கூடவே மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்குகிற கிளூட் பிரிட்ஜ். அதில் தொடையின் பின்பக்கம் பிடித்தால் குதிகாலை உடம்புக்கு இன்னும் அருகில் கொண்டுவர வேண்டும். புட்டம் வேலை செய்வதைக் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தே உறுதி செய்துகொண்டேன்.

குனிவதை மறுபடி கற்றுக்கொள்ள ஒரு நீளமான கம்பு போதும். கம்பை முதுகோடு ஒட்டிப் பிடித்தால் தலையின் பின்பக்கம், மேல்முதுகு, வால் எலும்பு என்று மூன்று இடத்தில் தொட வேண்டும். முட்டியை லேசாகத் தளர்த்தி, பின்னால் இருக்கும் கதவை இடுப்பால் தள்ளி மூடுவது போலக் குனிய வேண்டும். மூன்றில் ஓர் இடம் விட்டுப்போனாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு இது சரியாக வர இரண்டு வாரம் ஆனது. இது வந்த பிறகு சைக்கிளில் உட்காரும் விதமே மாறிவிட்டது. முன்பு முதுகை வளைத்து ஹேண்டில்பாரை எட்டுவேன். இப்போது இடுப்பிலிருந்து மடங்குகிறேன். ஐந்து மாதச் சேமிப்பைக் கொட்டி நான் தேடியது இந்த ஒரு மாற்றத்தைத்தான்.

ஏழாவது வாரத்திலிருந்துதான் எடை. வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பத்தைந்து நிமிடம். ஒற்றைக் கால் பயிற்சிகள்தான் முக்கியம்: ஒரு காலை முன்னால் வைத்து இறங்குகிற ஸ்ப்ளிட் ஸ்குவாட், படி மேல் ஏறி இறங்குகிற ஸ்டெப் அப். இரண்டு காலிலும் செய்தால் பலமான இடது கால் வலதுக்கும் சேர்த்து வேலை செய்து மறைத்துவிடும். அதோடு கம்பில் கற்ற அதே குனிவை எடையோடு செய்வது, மேல்முதுகுக்கு எடையை உடம்பை நோக்கி இழுக்கிற ரோ, கெண்டைக்காலுக்கு ஒன்று. முதலில் 12 ரெப் வருகிற எடை, பிறகு மெல்ல மெல்ல ஏற்றி 6 ரெப் வருகிற எடை. எந்த செட்டையும் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு) முழுதாக விழும் வரை செய்வதில்லை. இன்னும் இரண்டு செய்யலாம் என்கிற இடத்தில் வைத்துவிடுவேன். சைக்கிள்காரர்களுக்குக் குறைந்த எடை, நிறைய ரெப் போதும் என்று பலர் சொல்வார்கள். நிறைய ரெப் நமக்குப் பெடலிலேயே கிடைக்கிறது. நார்வேயின் பென்ட் ரோன்னெஸ்டாட் குழு செய்த ஆய்வில், நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் 12 வாரம் கனமான எடைப் பயிற்சியைச் சேர்த்துச் செய்தார்கள். 185 நிமிடம் ஓட்டிய பிறகு கடைசி 5 நிமிடம் முழு வேகத்தில் ஓட்டச் சொன்னபோது அவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. சைக்கிள் மட்டும் ஓட்டியவர்களுக்குத் தெரியவில்லை. நீண்ட தூரம் போகிறவர்களுக்கு அந்தக் கடைசி நேரம்தானே வேண்டும். ஆனால் கனம் என்பது மாதக்கணக்கில் ஏறிப் போய்ச் சேர வேண்டிய இடம். நான் மூன்றாவது வாரத்தில் அங்கே போகப் பார்த்தேன்.

இந்தக் கட்டத்தில் மனம் உடைகிற ஒரு காலம் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நான்கு வாரம் சைக்கிளில் கால் இரும்பு மாதிரி கனக்கும். வழக்கமான மேட்டில் எனக்கு இரண்டு நிமிடம் கூடுதலாக ஆனது. எடைப் பயிற்சி என்னைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடப் பார்த்தேன். பழக்கமில்லாத வேலை செய்த தசை ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரை வலிப்பது இயல்பு. நான் செய்த தப்பு, சனிக்கிழமை ஸ்ப்ளிட் ஸ்குவாட், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று வைத்துக்கொண்டது. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு 100 கிலோமீட்டர் ஓட்டினால், அதைக் காப்பாற்ற உடம்பு மறுபடி முதுகைத்தான் பிடிக்கும். இப்போது கடினமான ஓட்டமும் எடையும் ஒரே நாளில்: காலையில் சைக்கிள், மாலையில் எடை. மறுநாள் முழு ஓய்வு அல்லது மெதுவான ஒரு மணி நேரம். நீண்ட ஓட்டத்துக்கும் எடைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் விடுகிறேன். உடம்பு எடை கூடிவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஐந்து மாதத்தில் ஒரு கிலோ கூடியது. மேட்டில் நேரம் பழைய அளவுக்கு வந்து, அதைவிடக் குறையவும் செய்தது.

16ஆவது மாதத்தில் 100 கிலோமீட்டர் ஓட்டி, எந்த வலியும் இல்லாமல் இறங்கினேன். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். சீசன் ஆரம்பித்ததும், ஓட்டவே நேரம் போதவில்லை, இனிமேல் எடை எதற்கு என்று மொத்தமாக நிறுத்திவிட்டேன். ஏழாவது வாரம் அதே வலது பக்கத்தில் அந்த மந்தமான வலி எட்டிப் பார்த்தது. அன்று நான் உணர்ந்த பயத்தை விவரிக்க முடியவில்லை. மறுபடியும் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. பிசியோவுக்கு ஃபோன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். "வாரம் ஒரு நாள் போதுங்க. எடையைக் குறைக்காதீங்க, செட்டை மட்டும் குறைச்சுக்கோங்க" என்றார். 25 நிமிட வேலை. மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. ஏறிய பலத்தைக் காப்பாற்ற வாரத்துக்கு ஒரு தடவை போதும்; அடியோடு விட்டால் சில வாரங்களில் கரைந்துவிடும்.

அந்த வருடக் கடைசியில் அதே 300ஐ மறுபடி ஓட்டி 17 மணி 40 நிமிடத்தில் முடித்தேன். 260க்கு மேல் முதுகு சோர்ந்தது உண்மை. ஒவ்வொரு அரை மணிக்கும் எழுந்து நின்று பத்துப் பதினைந்து சுற்று மிதித்தேன், கையை ஹேண்டில்பாரின் மேல்பகுதிக்கு மாற்றினேன், சமாளித்துவிட்டேன். இப்போது சைடு பிளாங்க் இடது பக்கம் 70 விநாடி, வலது பக்கம் 55. நாற்காலியிலிருந்து வலது காலில் எழுந்தால் முட்டி இன்னும் லேசாக நடுங்குகிறது, உள்ளே சரிவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு இந்த இரண்டையும் அளந்து நோட்டில் எழுதுகிறேன், அந்தப் பழைய வீடியோவையும் ஃபோனிலிருந்து அழிக்கவில்லை. அடுத்தது 400, 27 மணி நேரம். அதற்கு முன்னால் வலது பக்கமும் 70ஐத் தொட வேண்டும்.